யாளி இறங்கிய சோபா

எண்பத்தொன்றாம் வருஷம் மதுரையில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் ஜெயக்கொடி வரைந்த சோபாவில்தான் உட்கார்ந்தார்கள். சரி, கொஞ்சம் ஊதித்தான் விட்டாயிற்று; வேண்டிய அளவு காற்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

மேலமாசி வீதியில் சின்னச்சாமியின் மரச்சாமான் கடை. அங்கே நாற்காலிக்கு ஒயர் பின்னிக்கொண்டிருந்தவள் ஜெயக்கொடி. கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்த்ததைவிடத் தூண்களைப் பார்த்து நோட்டில் கிறுக்கியதே அதிகம். ஒருநாள் இரண்டு யாளிகளைக் கைப்பிடியாக்கி, நந்தவனத்து முல்லைக்கொடியைச் சாய்மானத்தில் ஓடவிட்டு, புது மாதிரி சோபா ஒன்று வரைந்தாள். தச்சர் முத்திருளன் தேக்கில் இழைத்துக் கொடுத்தார். அதைக் கடை முகப்பில் வைத்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலத்துக்குள் யாளியின் நெற்றியில் குங்குமம் ஏறியது. மறுநாள் செவ்வந்தி மாலை. மூன்றாம் நாள் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சோபாவை மூன்று சுற்று வந்தார். உட்காரத்தான் ஆளில்லை.

"கடையா இது, கோயிலா? சூடம் கொளுத்தாத குறைதான்!" என்றார் சின்னச்சாமி. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தராச்சும் இதுல உக்காரணும். இல்லேன்னா நீ படம் போட்டது போதும், பழையபடி ஒயர் பின்னு."

"யாளி சாமி இல்லண்ணே, காவக்காரன்!"

"காவக்காரன் மடியில எவன் உக்காருவான்?"

ஜெயக்கொடி மறுபடியும் கோயிலுக்கு ஓடினாள். தூணின் உச்சியை அண்ணாந்து பார்த்தவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கல்லில் தொங்கிக்கொண்டிருந்தது வாழைப்பூ! அதை யார் கும்பிடுவார்கள்? பொரியல் அல்லவா வைப்பார்கள்! யாளிகள் இறங்கின, கைப்பிடி நுனியில் வாழைப்பூ ஏறியது.

வெள்ளிக்கிழமை, மகள் கல்யாணத்துக்குக் கட்டில் பார்க்க டி. கல்லுப்பட்டியிலிருந்து சீனியம்மாள் வந்தாள். கைப்பிடியைத் தடவினாள்.

"ஆத்தி, வாழைப்பூ! நரம்பு எடுக்க வேணாமா?" என்று சிரித்தபடி தொப்பென்று உட்கார்ந்தாள். "கட்டிலோட இதையும் ஏத்திவிடுங்க."

ஜெயக்கொடி முத்திருளனின் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே கும்மியடித்தாள். அன்றோடு ஒயர் போயிற்று, பென்சில் நிலைத்தது. வாழைப்பூ செதுக்கிய பழைய சிற்பிகளே மேலிருந்து கைதட்டினார்கள் என்று முடித்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் முத்திருளன் விட்டால்தானே!

"சிற்பியாவது ஒண்ணாவது! அந்தம்மா கல்லுப்பட்டியில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்துச்சு. யாளி இருந்திருந்தாலும் உக்காந்திருக்கும்."