கசினோ ஹோட்டலில் மலிவாக ஐந்து இரவு

போன ஞாயிற்றுக்கிழமை சிட்னிக் கோயில் கார் பார்க்கில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெஸ்ட்மீட்டில் இருப்பவள். அதிகம் பழக்கமில்லை.

"அக்கா, எல்லாம் கேள்விப்பட்டனான். அந்த மனிசனோட எப்பிடித்தான் காலம் தள்ளுறியளோ."

நான் "ஓம்" என்றேன்.

அந்த ஒரு "ஓம்" ஒரு கிழமையாக என்னைத் தின்கிறது. முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல எனக்கு வராது. கூச்சம். எழுதுவதென்றால் எழுதிவிடுவேன். அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்: என் கணவர் சூதாடி இல்லை.

மெல்பேர்னில் இருக்கும் என் தங்கை பரமேசின் மகளுக்குக் கலியாணம். தாலிக்குப் பொன்னுருக்கலில் இருந்து கலியாணம் வரைக்கும் ஐந்து இரவு நிற்க வேண்டும். தங்கை வீட்டில் கனடாக்காரர், லண்டன்காரர் என்று குளியலறைக்கே வரிசை. நாங்களும் போய் நெருக்க வேண்டாம், எங்கேயாவது ஒரு அறை பார்ப்போம் என்று நினைத்தோம். இரண்டு பேரும் பென்ஷன்காரர். மலிவு என்றால் உண்மையாகவே மலிவாக இருக்க வேண்டும்.

மகள் போனில் தேடினாள்.

"அம்மா, இதுதான் பெஸ்ட் டீல். சிட்டிக்குள்ள. பிரேக்ஃபாஸ்ட்டும் ஃப்ரீ."

ஊருக்கு வெளியே, கட்டிலும் கதவும் மட்டும் உள்ள மோட்டல்கூட அதைவிட விலை அதிகம். இங்கேயோ வெள்ளை மெத்தை, பெரிய ஜன்னல், குளிக்கத் தொட்டி.

"ஏன் பிள்ளை இவ்வளவு மலிவு?"

"கீழ கசினோ இருக்கு. சோ வாட்? நீங்கள் மேலதானே படுக்கப் போறீங்கள்."

படுக்க இடத்தை இவ்வளவு மலிவாகத் தருகிறவர்கள், நாங்கள் படுப்பதற்காகவா தருகிறார்கள்?

நாலு பேரைக் கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். அதுதான் பிழை. முதலில் கனகசபை அண்ணை. கோயிலில் எல்லாருக்கும் ஒழுக்கம் சொல்லித் தருகிறவர்.

"சீ... தங்கச்சி, அது குடும்பம் நடத்துறவை போற இடமே இல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்பிடிப் போறதெண்டால் பின்வாசலால போங்கோ. லிஃப்ட் அதிலதான் கிட்ட."

"உங்களுக்கு எப்பிடி அண்ணை தெரியும்?"

"ஒரு கொன்ஃபரன்சுக்குப் போனனான்."

அண்ணை பென்ஷன் எடுத்துப் பல வருடம். யார் கூட்டிய கொன்ஃபரன்சோ.

அடுத்தது கோயில் மடைப்பள்ளியில் என்னோடு மரக்கறி வெட்டுகிறவர். முட்டைகூடத் தொடாத சைவம். "கடவுளே, அங்கேயோ? வேண்டாமக்கா" என்றார். இரண்டு கத்தரிக்காய் வெட்டி முடிய, "ஆனால் அங்கத்தைப் பஃபேல இறால் நல்லமாம். ஆரோ சொன்னவை" என்றார்.

கேட்ட எல்லோரும் போகாதே என்றார்கள். கேட்ட எல்லோருக்கும் வழி தெரிந்திருந்தது. கடைசியில் எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒரே புத்தியைச் சொன்னார்கள்: "அண்ணையைக் கவனம்."

அவர்கள் சொன்ன அண்ணை, என் கணவரோ, பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த ஸ்கிராட்ச் லொத்தர் டிக்கெட்டைச் சுரண்டப் பயந்து அலமாரியில் வைத்திருக்கிற மனிதர்.

கவனிக்க வேண்டிய ஆள் நான்.

ஆமாம், வாசிக்கிறவர்களே, நான்தான். நாலு வருடத்துக்கு முன்பு வயோதிபர் குழுவோடு கிளப் ஒன்றுக்கு மலிவுச் சாப்பாட்டுக்குப் போகத் தொடங்கினேன். சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் காசு போட்டு ஆடுகிற போக்கி மெஷின்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வங்கியில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில் யாராவது ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எனக்கு வியர்க்கும். மெஷின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளிச்சம் காட்டியது, பாட்டுப் போட்டது. தேநீர் கொண்டுவந்த பிள்ளை "டார்லிங்" என்றாள். இந்த நாட்டில் நான் கூச்சப்படாமல் இருந்த ஒரே கதிரை அதுதான். பிறகு குழு போகாத நாட்களிலும் போனேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், மருந்துக்கு வைத்த காசோடும் போனேன்.

ஒருநாள் இவர் தேடிக்கொண்டு வந்தார். ஏசவில்லை. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். நான் எழும்பும்வரை, இரண்டு மணித்தியாலம், அப்படியே இருந்தார். அதோடு நிறுத்தினேன். மகளுக்குத் தெரியாது.

ஆகவே அந்த மலிவு அறை எனக்கு எவ்வளவு விலை என்று எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

அறையைப் பதிய முன்பு ஒரு பின்னேரம் மகளின் போனில் ஹோட்டல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கட்டில், ஜன்னல், தொட்டி... கடைசிப் படம் கீழ்த்தளம். மெஷின்கள் வரிசையாக இருந்தன. படத்தைப் பெரிதாக்கினேன். நான் விளையாடின மாதிரி ஒன்று இருக்குமோ என்று தேடினேன். என் விரல் போன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது, பொத்தானைத் தட்டுகிற மாதிரி.

இவர் கண்டுவிட்டார்.

போனை வாங்கினார். பரமேசுக்கு எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"பரமேஸ், எங்களுக்கு உன்ர வீட்டில ஒரு மூலை தா. அந்த ஹோட்டல் சரிவராது."

"ஏன் அத்தான்? நல்ல ஹோட்டலெல்லோ?"

"கீழ கசினோ. எனக்குக் கை சும்மா இராது."

தங்கையின் குரல் இறங்கியது: "அத்தான்... நீங்களோ?"

"ஓம்."

"அக்கா பாவம்."

அக்கா பாவம், பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கராஜில் மெத்தை போட்டுத் தந்தார்கள். ஐந்து இரவும் கார் டயர் மணத்தோடு நிம்மதியாகப் படுத்தேன். இவருக்குத்தான் நிம்மதியில்லை; அதற்குள் கதை எல்லோருக்கும் போய்விட்டது. கலியாண மண்டபத்தில் அன்பளிப்புக் காசு போடுகிற என்வலப் பெட்டிக்குப் பக்கத்தில் இவர் உட்கார, பரமேஸ் சிரித்த முகத்தோடு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். என் தங்கை.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. சாப்பாடு முடிய, லண்டனில் இருந்து வந்த ஒருவர் கதிரையை இழுத்துக்கொண்டு இவருக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணை, உங்கட அனுபவத்தில எந்த மெஷின் கெதியாத் தரும்?"

"ஒண்டும் தராது, தம்பி" என்றார் இவர்.

உண்மையைத்தான் சொன்னார். அதை அவர்கள் பழுத்த அனுபவம் என்று எடுத்துக்கொண்டார்கள். கனடாக்காரர் வந்தார். அன்று தாலி கட்டின பரமேசின் மாப்பிள்ளையும் வந்தார். கொஞ்ச நேரத்தில் இவரைச் சுற்றி எட்டுப் பேர். கோட்டும் வேட்டியுமாக, எல்லோரும் நல்ல குடும்பத்து ஆட்கள், எல்லோரும் மெதுவான குரலில். முப்பது வருடமாகக் கலியாண வீடுகளில் இவரிடம் "முழங்கால் எப்பிடி?" என்பதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

சிட்னிக்குத் திரும்ப முன்பே கதை திரும்பிவிட்டது. கார் பார்க்கில் என் கையைப் பிடித்த பெண் வரைக்கும்.

இனிச் சரியோ? ஆடினது நான். பழியைச் சுமந்தது இவர். இதற்கு மேல் நான் "ஓம்" சொல்ல மாட்டேன்.

பத்திரிகைக்கு அனுப்ப முன்பு இவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதினது சரிதானப்பா" என்றார். "ஆனால்... இனி என்னோட ஆர் வந்து கதைக்கப் போகினம்?"