உட்கார்ந்த நேரம்

எனக்கு மறதி அதிகம். வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறவள். ஆனால் ஒரு மனிதர் ஒருநாள் எனக்குச் சொன்ன பதிலை, அன்றைக்கு அவர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையோடு சேர்த்து, இப்போது கேட்டாலும் வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பேன். அந்த மனிதர் போன வருடம் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கே வந்து சேர்ந்தார். சால்வை போட்டு வரவேற்றார்கள். தட்டில் வைத்து அந்தச் சால்வையை நீட்டியவள் நான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் எஞ்சினியரிங் சேர்ந்தது ஆனேக்கல் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில். வீடு தொம்மலூரில், பழைய ஊருக்குள். பஸ் மாறி பஸ் ஏறிப் போய்வருவேன். மூன்றாம் ஆண்டு முடிகிற நேரத்தில், சேருவதற்கு ஆளில்லை என்று எங்கள் பிரிவையும் இன்னும் சில பிரிவுகளையும் மூடிவிட்டார்கள். இருந்த கொஞ்சம் பேரை நகரத்துக்குள் ஒரு பெரிய கல்லூரிக்கு மாற்றினார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தாள். "கடவுளே பாத்து பெரிய காலேஜ்ல தூக்கிப் போட்டுட்டாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

கடவுள் தூக்கிப் போட்ட இடத்தில் கிரெடிட் என்ற ஒன்று எனக்காகக் காத்திருந்தது. கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பாடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று செமஸ்டர் முழுக்க நடந்தால் அதற்கு ஒரு கிரெடிட். லேப் என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நின்றால்தான் அதே ஒரு கிரெடிட். நிற்பதற்கு உட்காருவதில் பாதிதான் மதிப்பு. மணி நேரம் என்று சொல்வதும் உண்மையில் ஐம்பது நிமிடம்தான். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, சொன்ன எண்ணிக்கை வந்தால் பட்டம். ஒன்று குறைந்தாலும் கிடையாது.

எனக்கு ஒன்று குறைந்தது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்ற பாடத்துக்குப் பழைய கல்லூரியில் மூன்று கிரெடிட். புதிய கல்லூரியில் நான்கு. புத்தகம் அதேதான், அத்தியாயங்களும் அதேதான். இங்கே லேப் ஒன்றைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். இப்படிப்பட்ட வித்தியாசங்களை, துறைத் தலைவர் மனது வைத்தால், இரண்டும் சமம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். என்னோடு வந்து வேறு துறைகளில் சேர்ந்தவர்களுக்கு அப்படித்தான் போட்டுக்கொடுத்தார்கள். இந்தத் துறைக்கு வந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் துறைத் தலைவர் பிரேசர் டவுன்காரர், தமிழர். ஆகவே வேலை சுலபமாக முடியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் அறையில் தமிழிலேயே பேசினேன்.

"சார், அதே புக்கு சார். லேப்ல எந்த எக்ஸ்பெரிமென்ட் குடுத்தாலும் இப்பவே செஞ்சு காட்றேன். டெஸ்ட் வெச்சு பாருங்க சார்."

அவர் சிரித்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்மா, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நீ ஒக்காரலையே? கிரெடிட்டு தெரிஞ்சதுக்குக் குடுக்கறது இல்ல. ஒக்காந்த நேரத்துக்குக் குடுக்கறது. நம்ம பொண்ணுன்னு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

அந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அது நடக்கும் நேரத்தில் எனக்கு என் வகுப்பு. எனவே என் வகுப்புத் தோழர்கள் எல்லாம் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு, நான் மட்டும் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்று ஆனது. கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சேரும் நாளில் எல்லாக் கிரெடிட்டும் முடிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. வேலை போயிற்று. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்ததைத் தெரு முழுக்கத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நான் சம்பளம் வாங்கியதும் கேன்டீன் வேலையை விட்டுவிடுவதாக இருந்தவள், மறுபடி கேன்டீனின் நீல யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, கால் வீங்க வீங்க நின்றாள்.

இதில் வயிறு எரியும் பகுதி இனிமேல்தான். நான் திரும்ப உட்கார்ந்த அந்தப் பாடத்தை நடத்தியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். நடத்தினார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வராந்தாவில் அவர் தலை தெரிந்ததும் பிள்ளைகள் "சர் பந்த்ரு, சர் பந்த்ரு" என்று கன்னடத்தில் குரல் கொடுத்துக்கொண்டு இடத்துக்கு ஓடுவார்கள். அவர் வந்து அட்டென்டன்ஸ் எடுப்பார். லேப் நாளில் அடுத்த மணி நேரத்துக்கும் சேர்த்தே எடுத்துவிடுவார். "பிபிடி ஸ்லைடு அனுப்பியிருக்கேன், பாத்துக்கோங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, காதில் போனை வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். சர்ஜாபூர் பக்கம் சைட், அதாவது வீட்டுமனை, வாங்கி விற்கும் வேலையும் அவருக்கு இருந்தது. கதவுக்கு வெளியே எந்த சைட் எந்தத் திசை பார்த்தது என்று விவரித்துக்கொண்டிருப்பார். உள்ளே நான், மின்விசிறியைப் பார்த்தபடி, அந்த ஒரு கிரெடிட்டை உட்கார்ந்து சம்பாதித்தேன்.

வேலை போனதால் மேலே படித்தேன், மேலே படித்ததால் ஆசிரியை ஆனேன். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுப்பவர்கள் தயவுசெய்து மூடிக்கொள்ளவும். அந்த வருடத்தை எனக்கோ அம்மாவின் கால்களுக்கோ யாரும் திருப்பித் தரவில்லை.

இப்போது நான் வேலை பார்க்கும் கல்லூரியில், எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், அது ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கும் பொறுப்பும் என்னுடையது. அவர் ஓய்வுபெற்ற பிறகு, பெரிய பெயர் என்பதால் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, கடைசி செமஸ்டர் மாணவர்களுக்கு மூன்று கிரெடிட் பாடம் ஒன்றைக் கொடுத்தது. அதே கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், கொஞ்சம் மேல்படியில். சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அதே சிரிப்பு.

"மேடம் தமிழா? ரொம்ப சந்தோஷம்."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் அவரை அத்தனை வருடம் சுமந்திருக்கிறேன், அவர் என்னை அந்த அறையைத் தாண்டிக்கூடச் சுமக்கவில்லை. சால்வையோடு சேர்த்துக் கழுத்தை நெரிக்கலாமா என்றிருந்தது. "ஆமா சார்" என்றேன்.

சில வாரங்கள் காத்திருந்தேன். ஒருநாள் மூன்றாவது மாடி வராந்தாவில் போகும்போது அந்தக் குரல் கேட்டது. வடகிழக்கு மூலை, நாற்பதடி ரோடு. உள்ளே எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் எல்லோரும் மொபைலில். மறுநாளும் போனேன், அடுத்த வாரமும் போனேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். எனக்கு எவ்வளவு ஆனந்தம் என்று சொல்லி முடியாது. ஓசூர் ரோடு டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் முதல்வரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மணி நேரம் நடக்கவில்லை, ஆகவே கிரெடிட் செல்லாது, ஆகவே பாடம் ரத்து. சால்வை போட்டவர்கள் கையாலேயே வழியனுப்பும்படி செய்துவிடலாம்.

ஒத்திகையெல்லாம் முடிந்து நான் முதல்வர் அறைக்குப் படியேறும்போது ஒரு மாணவி வழிமறித்தாள். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். நான் வகுப்பு வாசலில் வந்து வந்து நின்றதைப் பார்த்தே பிள்ளைகள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

"மேம், கம்ப்ளைன்ட் குடுக்கப் போறீங்களா? வேணாம் மேம், ப்ளீஸ். கோர்ஸ் கேன்சல் ஆச்சுன்னா எங்களுக்கு மூணு கிரெடிட்டு கொறைஞ்சிடும். எனக்கு ஜூலைல ஜாயினிங் மேம்."

"அவரு ஒண்ணுமே நடத்தலையே, பரவாயில்லையா உனக்கு?"

"நடத்தலைன்னா பரவாயில்ல மேம். வேலை போனா வீட்ல என்ன சொல்றது?"

படியிலேயே நின்றுவிட்டேன். அவரை அடித்தால் அடி இவள் மேல்தான் விழும். அன்றைக்கு அவர் எனக்குச் செய்ததை இன்றைக்கு நான் இவளுக்குச் செய்ய வேண்டும், அதுவும் அவருக்காக! இந்த மனிதர் தப்பிப்பதற்கென்றே பிறந்தவர் போலிருக்கிறது என்று பற்றிக்கொண்டு வந்தது. அவளைப் போகச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று நான் வேறு ஒன்றை யோசித்தேன்.

முதல்வரிடம் புகார் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தில் நேரம் நிறையக் குறைகிறது, இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் நாம் மாட்டுவோம், மீதியை எல்லாம் பரீட்சைக்கு முன்னால் நடத்தி முடித்துவிடலாம் என்றேன். இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் அவர் உடனே ஒப்புக்கொண்டார். தினமும் காலை எட்டு மணிக்கு, சனிக்கிழமையும் சேர்த்து. முழு நேரமும் நடந்ததற்குச் சாட்சியாக நான் கடைசி பெஞ்சில் இருப்பேன். அந்த வாரம் பார்த்து லிஃப்ட்டும் ரிப்பேர். அதற்கு நான் காரணமில்லை. வருத்தப்படவும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் அவர் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், போர்ஷன் எல்லாம் பிபிடில இருக்கு. பசங்க பாத்துப்பாங்க. எதுக்கு சும்னே எல்லாருக்கும் கஷ்டம்?"

"கஷ்டம் ஒண்ணுமில்ல சார். நான் வந்து ஒக்காந்துக்கறேன்."

முதல் நாள் அவர் திணறினார். மூச்சு வாங்க நின்றார், போர்டில் எழுதியதை அழித்து அழித்து எழுதினார். ஐம்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. நான் கடைசி பெஞ்சில் காப்பி குடித்தபடி ரசித்தேன். இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. ஒன்றும் தெரியாத ஆள் இத்தனை நாள் ஜம்பமாக வண்டி ஓட்டியிருக்கிறார், இனி தினமும் எல்லோர் முன்னாலும் மூக்குடைபடட்டும் என்று இருந்தேன்.

அப்புறம் ஒருநாள் அவர் போர்டைத் துடைத்துவிட்டு, மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு, கீசரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காலையில் குளிக்கப் போகிறீர்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் சில்லென்று வருகிறது. வெந்நீர்ப் பக்கம் திருப்புகிறீர்கள். சூடு வரவில்லை. இன்னும் திருப்புகிறீர்கள். முதலில் திருப்பியதன் சூடு இப்போதுதான் குழாய் வழியே வந்து சேருகிறது. அதற்குள் நீங்கள் அதிகமாகத் திருப்பிவிட்டீர்கள். முதுகு வெந்ததும் அலறிக்கொண்டு மறுபக்கம் திருப்புகிறீர்கள், மறுபடி சில். தப்பு உங்கள் கையிலும் இல்லை, கீசரிலும் இல்லை. இடையில் இருக்கும் தாமதம்தான் உங்களை இப்படி ஆட்டிவைக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு மார்க்கரை எடுத்து அந்தத் தாமதத்துக்கான சமன்பாட்டை ஒரே வரியில் எழுதினார். வகுப்பில் ஒரு மொபைல்கூட வெளியே இல்லை.

அந்தச் சமன்பாட்டை நானே பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அது ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததும், முன்பு எப்போதும் வராத ஒரு கோபம் எனக்கு வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை காலம் வெறுத்திருந்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் செமஸ்டர் முழுக்க, இவ்வளவும் அவர் தலைக்குள் இருந்திருக்கிறது. உள்ளே வந்து சொல்ல மனமில்லாமல் வெளியே நின்று சைட் விற்றிருக்கிறார்.

அடுத்த நாளிலிருந்து வகுப்பு நிறைந்தது. வேறு பிரிவுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஓசூர்ப் பெண் என்னிடம் வந்து, "சார் செம மேம், தேங்க்ஸ் மேம்" என்றாள். முதல்வர் அவரை வராந்தாவில் நிறுத்திக் கைகுலுக்கினார். நான் போட்ட தண்டனை அவருக்கு இரண்டாவது சால்வையாகப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கோ நடையே மாறிவிட்டது. மூச்சு வாங்காமல் மாடியேறினார். எனக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என்ன என்று கேட்டாள். யார் வந்திருக்கிறார் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

கடைசி வகுப்பு வந்தது. அன்றைக்கு அவர் பிரமாதமாக நடத்தினார், அதை நான் மறுக்க மாட்டேன். முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் தலைசாய்த்து ஏற்றுக்கொண்டு, மார்க்கரை மூடினார். பிள்ளைகள் பையை எடுத்துத் தோளில் போட்டார்கள். ஓசூர்ப் பெண்ணின் மூன்று கிரெடிட்டும் ஏறக்குறைய பத்திரமாகிவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சார், இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"போர்ஷன் முடிஞ்சிடுச்சு மேடம். பசங்களுக்கு எல்லாமே தெரியும் இப்ப. நீங்களே வேணா கேட்டுப் பாருங்க."

எழுந்து நின்றேன்.

"தெரிஞ்சிருக்கும் சார், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா கிரெடிட்டு தெரிஞ்சதுக்குக் குடுக்கறது இல்ல. ஒக்காந்த நேரத்துக்குக் குடுக்கறது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் அது நின்றது. இத்தனை வாரமும் கடைசி பெஞ்சில் ஏதோ ஒரு மேடம் இருப்பதாகவே பார்த்துவந்தவர், இப்போது என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீ..." என்றார். மேடம் போய்விட்டிருந்தது. "நீ எந்த பேட்ச்சும்மா?"

"கிளாஸ் முடிஞ்சதும் சொல்றேன் சார். நடத்துங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் பையை இறக்கிவைத்தார்கள். அவர் மார்க்கரைத் திறந்தார். ஏற்கெனவே எழுதியிருந்த வரியின் கீழே அதையே இன்னொரு முறை எழுதினார். அதற்கப்புறம் எழுத ஒன்றும் இல்லாமல் போர்டைப் பார்த்து நின்றார். அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்தார். ஞாபகம் வருகிறதா, வருவதுபோல வந்து போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்து நிமிடமும் அவர் நின்றார், நான் உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்தது. அவர் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறி, பதில் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டேன்.