மூன்றாம் மாடிக்கு ஏறாத தண்ணீர்

லண்டனில் வெயில் எறித்தால் சனம் பார்க்குக்கு ஓடும். நான் குழாயடிக்கு ஓடுவேன். மிச்சம் என்கிற பகுதியில், நகரசபை வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கவுன்சில் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு மேல் கூரைதான். வெயில் நாளில் கீழ்வீட்டுக்காரர் எல்லாரும் குளிக்கத் தொடங்கினால் எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கும். மற்றவர்களுக்கு அது ஒரு கரைச்சல், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படியில்லை, ஏனென்றால் எங்கள் படுக்கையறையில் ஒரு மெஷின் இருந்தது.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அவருடைய இரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திருப்பி உள்ளே அனுப்புகிற டயாலிசிஸ் மெஷின் அது. ஒருநாள் விட்டு ஒருநாள் பின்னேரம் அவரை அதோடு பிணைத்துவிடுவேன். ஊசி குத்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பழக்கினார்கள். முதல் தரம் நான் ஊசியைப் பிடித்தபடி தயங்கி நின்றதைப் பார்த்து, "பயப்படாதையும், நான் ஓடமாட்டன்" என்று சிரித்தார். அந்த மெஷினுக்குக் கரண்டும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கும்.

மெஷின் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்வந்தார். வரிசையாகக் கதிரைகள், ஒவ்வொரு கதிரையிலும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மெஷின். ஒருநாள் பக்கத்துக் கதிரைக் கிழவர், இவரோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தவர், கதைத்தபடியே தலை சரிந்து போய்விட்டார். இவரால் எழும்பவும் ஏலாது, திரும்பவும் ஏலாது, கையில் ஊசி. நேர்ஸ்மார் ஓடி வந்து ஏதேதோ செய்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினார்கள். மீதி நேரம் முழுக்க இவர் அந்தத் திரைக்குப் பக்கத்தில் கிடந்தார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "இனி என்னை அந்த அறைக்குக் கொண்டு போகாதையும். சாகிறதெண்டால் இஞ்ச சாகிறன்" என்றார். அதற்குப் பிறகு அலைந்து திரிந்துதான் மெஷினை வீட்டுக்கு எடுத்தோம். காலையில் தெரிந்தவரின் கடையில் கல்லாவில் நிற்கவும் தொடங்கினார். கடைக்கு வருகிற பிள்ளைகளோடு பகிடி விட்டு, விலை ஏறிய வெங்காயத்துக்குத் திட்டு வாங்கி, மனிசன் மறுபடி மனிசனானார்.

மெஷினைப் பூட்ட வந்த டெக்னீஷியன் குழாயில் அழுத்தத்தை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இப்போதைக்குக் காணும், இதைவிடக் குறைந்தால் இங்கே வைத்திருக்க முடியாது என்றான். பம்ப் பூட்டலாமா என்று கேட்டேன். அதற்குத் தொட்டி வேண்டும், தொட்டி வைக்கக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். கேட்டுப் பார்த்தோம். தளம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று கவுன்சில் கையை விரித்தது.

இப்படி நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த நேரத்தில்தான், எங்கள் தெருவுக்குப் பின்னால் மூடிக்கிடந்த தொழிற்சாலைக் காணியில் டேட்டா சென்டர் வரப்போகிறது என்று விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் தொங்கியது. அது என்ன கோதாரி என்று எனக்குத் தெரியாது. அரிசோனாவில் இருக்கிற என் தங்கைக்குத் தெரிந்திருந்தது. அவள் இருப்பது பாலைவன நகரம். அங்கே இப்படி ஒன்றைக் கட்ட வந்தபோது ஊர்ச்சனம் திரண்டு மண்டபத்தை நிறைத்து, கத்திக் குழறி விரட்டிவிட்டதாம்.

"அக்கா, அதுக்குள்ள முழுக்கக் கம்ப்யூட்டர். ஆக்கள் இல்லை. கம்ப்யூட்டர் கொதிக்கும், கொதியை ஆத்தத் தண்ணி வேணும். கரண்டையும் உறிஞ்சி எடுக்கும்" என்றாள். "எங்களுக்குப் பரவாயில்லை. பாலைவனத்தில தண்ணியில்லை எண்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். லண்டனில நீங்கள் சொன்னால் ஆர் நம்பப் போகினம்?"

அவள் வாய் பலித்தது. முதலில் கீழ்வீட்டு வெள்ளைக்காரரிடம் போய், இது வந்தால் எங்களுக்குத் தண்ணீர் காணாமல் போகும் என்றேன். அவர் யன்னலைக் காட்டினார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் அதைவிட மோசம். எங்கட பெடியளுக்கு வேலை வரும் என்றார் ஊர்ச்சங்கத்து அண்ணை ஒருவர். "அண்ணை, அதுக்குள்ள வேலை செய்யப்போறது கம்ப்யூட்டர்" என்றேன். "வாசலில செக்யூரிட்டி வேணும்தானே" என்றார், கூசாமல். இன்னொருத்தி, "உங்கட மெஷினும்தானே தண்ணி குடிக்குது" என்று கேட்டாள். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபடியால் அவள் தப்பினாள்.

கடைசியில் என்னோடு நின்றது எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் மாதர் சபைதான். சும்மா சொல்லக்கூடாது, தலைவி அக்கா உசாரான மனிசி. மன்னாரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். பெண்கள் எல்லாரையும் கூட்டி, "இவளின்ர மனிசன் எங்கட கோயிலில பாடினவர், எங்கட ஆள். நாங்கள் விடக்கூடாது" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அனுமதி கேட்பதற்கு முன்னால் அயலவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று கம்பனி ஒரு நாள் வைத்தது. வைத்த இடம் எங்கள் கோயில் மண்டபம், வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்களுக்கு வாய்ப்பாய்ப் போயிற்று என்று நினைத்தோம். தூக்கிப் பிடிக்கிற மட்டைகளில் எங்கள் எதிர்ப்பை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினோம். மட்டைகளோடு உள்ளே போவது, தண்ணீர் எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்பது, ஒருவரும் சிரிக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. நின்று களைப்போமே என்று ரோல்ஸ், கடலை வடை, ஒரு பெரிய கேத்தல் தேத்தண்ணி. சாப்பாடு இல்லாமல் எங்கள் சனம் எந்தக் கூட்டத்தைத்தான் வைத்திருக்கிறது?

உள்ளே கம்பனி ஆட்கள் மூன்று பேர். எல்லாம் எங்கள் பிள்ளைகளின் வயது. மண்டபத்து ஹீட்டர் வழக்கம் போல வேலை செய்யவில்லை. அட்டையில் செய்த குட்டிக் கட்டடம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, மெல்லிய கோட்டோடு ஒரு பெட்டை கையைத் தேய்த்தபடி நின்றாள். காலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லைப் போல. நாங்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு வரிசையாக நுழைந்தோம். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். என்ன கேட்கப் போகிறாரோ என்று நான் மட்டையை உயர்த்திப் பிடித்தேன்.

ஏதாவது சாப்பிட்டாயா பிள்ளை என்று ஆங்கிலத்தில் கேட்டார் அக்கா.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். போச்சு, எல்லாம் போச்சு.

"எதிரி எண்டாலும் குளிருக்க பட்டினி போடுறதே?" என்று அக்கா எங்களைப் பார்த்துச் சீறினார். மட்டைகளைச் சுவரில் சாய்த்தோம். நான்தான் தட்டைத் தூக்கினேன். ஒரு பொடியன் ரோல்ஸைக் கடித்து, உறைப்பில் கண்ணால் மூக்கால் வழிய நின்றான்; எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இன்னும் ஒன்று எடு தம்பி என்று நானே அவன் கையில் வைத்தேன். வந்த விசயத்தை மறக்கவில்லை, தண்ணீரைப் பற்றியும் கேட்டோம். அந்தப் பெட்டை வடையை மென்றபடி எழுதிக்கொண்டாள். பிறகு போனை எடுத்து, ஒரு படம் எடுக்கலாமா என்றாள். படமென்றால் எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா? குள்ளமானவர்கள் முன்னுக்கு, உயரமானவர்கள் பின்னுக்கு. குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவளையும் இழுத்து வந்தோம். சீலைத் தலைப்பைச் சரிசெய்து, தட்டோடு என்னை நடுவில் நிறுத்தி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தோம்.

அனுமதிக் கூட்டம் சில மாதம் கழித்துக் கவுன்சில் மண்டபத்தில் நடந்தது. எதிர்க்கிறவர்களில் ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம். என்னைப் பேசச் சொன்னார்கள். சபைப் பெண்கள் பின்னால் இருந்தார்கள். என் கணவரும் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, கையில் ஊசி குத்திப் புடைத்த நரம்பு தெரியாமல் சேர்ட் கையை இறக்கிவிட்டு, கடைசி வரிசையில் இருந்தார். நான் மெஷினைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் மாடியைப் பற்றி, வெயில் நாளைப் பற்றி, பக்கத்துக் கதிரைக் கிழவரைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்கு எங்கும் இடறவில்லை. ஒரு பெண் கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு கம்பனியின் பெரியவன் எழும்பினான். சாதாரண நாளில் தங்களுக்குத் தண்ணீர் பெரிதாகத் தேவைப்படாது, கடும் வெயில் நாட்களில் மட்டும்தான் என்றான். அட பாவி, அந்த நாட்களில்தானே எங்கள் குழாய் சாகிறது! என் வாய் துடித்தது. அயலவர்களோடு தங்களுக்கு மிக நல்ல உறவு இருக்கிறது என்று சொல்லி, பெரிய திரையில் ஒரு படத்தைப் போட்டான்.

நாங்கள். முன்னுக்குக் குள்ளமானவர்கள், பின்னுக்கு உயரமானவர்கள், நடுவில் தட்டோடு நான். ஒரு மட்டைகூடப் படத்தில் விழவில்லை. உள்ளூர் மக்கள் இந்தத் திட்டத்தை அன்போடு வரவேற்றார்கள் என்று கீழே எழுதியிருந்தது.

தலைமை தாங்கியவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார். நான் எழும்பி நின்று, அது தேத்தண்ணி, பசியோடு நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தது, சம்மதம் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. என் நேரம் முடிந்ததென்று மைக்கை நிறுத்தியிருந்தார்கள். எங்கேயோ ஒரு சிரிப்புக் கேட்டது. கையை உயர்த்தினார்கள், எண்ணினார்கள், அனுமதி கொடுத்தார்கள்.

அந்தப் படம் இல்லாவிட்டாலும் கொடுத்திருப்பார்கள். நான் ஒன்றும் விபரம் தெரியாதவள் இல்லை. ஆனால் எங்கள் சிரிப்பைக் கொண்டே எங்கள் வாயை அடைத்தார்களே, அறுவார், அதைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க ஏலாமல் இருக்கிறது. அந்தப் படமும் இப்போது எங்கேயோ இப்படி ஒரு கட்டடத்துக்குள், ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் குளிராக இருக்கும்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? அவங்களுக்குப் போய் ஆராவது வடை குடுப்பினமே?" என்று தங்கை போனில் கத்தினாள். நான் போனை வைத்துவிட்டேன். தலைவி அக்கா வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பசிச்ச பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்தது பிழையே சொல்லு" என்றார். பிழை இல்லை அக்கா என்றேன். பிழைதான், பிழைதான் என்று உள்ளுக்குள் கத்தினேன். அதற்குப் பிறகு சபைக் கூட்டங்களுக்கு நான் போகவில்லை.

யன்னல் இல்லாத சாம்பல் நிறக் கட்டடம் ஒன்று எழும்பியது. அது ஓடத் தொடங்கிய முதல் கோடையில் மெஷின் கத்தத் தொடங்கியது. அவர் அதோடு பிணைந்து கிடக்க, தண்ணீர் காணாது என்று அலாரம் அடிக்கும். பாதியில் இரத்தத்தைத் திருப்பி ஏற்றி, ஊசியைக் கழற்றி, குழாயடியில் போய் நின்று பார்ப்பேன். கழுவாத இரத்தத்தோடு அவருக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். தண்ணீர்க் கம்பனியிலிருந்து ஒருவன் வந்து அளந்தான். சட்டப்படி வரவேண்டிய அழுத்தம் வருகிறதாம். கோப்பை கழுவ அது காணும். பின்னால் நிற்கிற கட்டடத்தாலா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்றான். என்னிடமும் ஆதாரம் இல்லை. வெயில் ஏற அதன் கூரையில் காற்றாடிகள் இரையும், என் குழாய் இளைக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முன்பு வந்த அதே டெக்னீஷியன் வந்து மெஷினைக் கழற்றினான். பாவம், அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடைத்தது காலை நேரம்தான், அவருடைய கடை நேரம். கடைக்காரருக்கு இவர் போனில் சொன்னார்: "இனி வர ஏலாது தம்பி, வேற ஆளைப் பாருங்கோ." குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

முதல் நாள் காலை ஆஸ்பத்திரி வாகனம் கீழே வந்து நின்றது. அவர் சப்பாத்துப் போட்டார். நானும் கோட்டைப் போட்டேன்.

"நீர் வரவேண்டாம்" என்றார்.

"ஏன்? இவ்வளவு நாளும் நான்தானே உங்களுக்கு ஊசி போட்டனான்."

"அங்க நேர்ஸ் போடுவினம்."

"எண்டாலும் பக்கத்தில இருக்கிறனே."

கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீர் பக்கத்தில இருந்தால், என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போம் எண்டு கேட்டிடுவன். உம்மால ஏலாதுதானே" என்றார்.

கைபிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடியும் இறங்கிப் போனார். நான் கோட்டோடு வாசலில் நின்றேன்.