கோட்டை எந்தப் பக்கம்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு நான் ஒரு படையை நடத்திக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். வயது முப்பத்தொன்று, பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்னேரம் ஏழு மணியானால் காதில் ஹெட்செட், கையில் போன், ஒன்லைனில் சண்டை.

அந்த கேமில் நான்கு பேர் ஓர் அணி. எதிரியை யார் முதலில் காண்கிறாரோ அவர் மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும்: எந்தப் பக்கம், எத்தனை பேர், எவ்வளவு தூரம். திரையில் அடையாளம் வைக்க ஒரு பட்டனும் உண்டு. ஆனால் அதைத் தொட வேண்டுமானால் சுடுகிற விரலை எடுக்க வேண்டும், அதற்குள் ஆள் காலி. வாயால் சொல்வதுதான் வேகம். வாய் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் வடக்கு, தெற்கு என்று சொல்லிப் பார்த்தோம். சரிவரவில்லை. தெஹிவளையில் இருக்கும் என் சித்தியின் மகன் வடக்கு எது என்று யோசித்து முடிப்பதற்குள் செத்துப்போவான். காலி வீதியில் வளர்ந்த எங்களுக்குத் தெரிந்த திசைகள் வேறு. கடல் பக்கம், அதற்கு எதிரே பாமன்கடைப் பக்கம், பஸ் ஏறி நகரத்துக்குப் போகிற கோட்டைப் பக்கம், திரும்பி வருகிற தெஹிவளைப் பக்கம். கேமின் வரைபடத்துக்கும் அதையே வைத்துக்கொண்டோம். மேலே கோட்டை, கீழே தெஹிவளை, இடது பக்கம் கடல். "கோட்டைப் பக்கம் ரெண்டு பேர், கூரைக்கு மேல" என்று நான் சொன்னால் மூன்று துப்பாக்கிகளும் ஒன்றாகத் திரும்பும். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

எங்களில் ஒருத்தி கனடாவுக்குப் போய்விட, நான்காவது ஆள் தேவைப்பட்டது. அப்போது ஒரு ஆட்டத்தில் தற்செயலாக வந்து சேர்ந்தவள்தான் அந்தப் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். வீடு ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கொட்டாஞ்சேனையில் ஒரு சலூனில் வேலை செய்துகொண்டு, அங்கேயே போர்டிங்கில் இருந்தாள். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் தெரியும். எங்கள் திசைகளை ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தேன். "சரிங்கக்கா" என்றாள். அதோடு பாடம் முடிந்தது.

தனியாக விட்டால் அவளை அடிக்க ஆளில்லை. குறி தப்பாது, பதற்றம் கிடையாது. ஆனால் நான் தகவல் சொன்னால் மட்டும் ஏதோ ஆகிவிடும். ஒரு கணம் நிற்பாள், பிறகு எதிர்ப் பக்கம் திரும்புவாள், முதுகில் வாங்கிச் சாவாள். எனக்கு அது புதிராக இருந்தது. கூர்ந்து கவனித்தேன். கடல் பக்கம் என்றால் ஒரு பிழையும் இல்லை. கோட்டைப் பக்கம் என்று சொல்லும்போதுதான் இந்தத் தடுமாற்றம். கடலை விளங்கிக்கொள்கிறவளுக்குக் கோட்டை ஏன் விளங்கவில்லை? கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றபோதெல்லாம் மண்டையைக் குடைந்த கேள்வி அது.

இதற்கிடையில் ஒரு மண்டபத்தில் சிறிய போட்டி ஒன்று வைப்பதாக அறிவித்தார்கள். பெயர் கொடுத்தோம். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சித்தியின் மகனான தம்பியும் அணியில் இருந்த அவனுடைய சிநேகிதனும், இவளை வைத்துக்கொண்டு போனால் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வுவோம் என்றார்கள். பம்பலப்பிட்டியில் வேறொரு பையனைப் பார்த்தும் வைத்திருந்தார்கள். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. அவளோ போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவுக்காக, பௌர்ணமி விடுமுறையான போயா நாட்கள் இரண்டில் வேலைக்கு வர ஒப்புக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் இருக்கும் அவளுடைய தங்கச்சிமார் போனில் போட்டியைப் பார்க்கக் காத்திருந்தார்கள். இதையெல்லாம் அவளே சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள்.

அப்படிப்பட்டவளை மெசேஜில் நீக்குவது மனிதத்தன்மை இல்லை, நேரில் போய்ச் சொல்கிறேன் என்று நான் பெரிய மனுஷி மாதிரிப் பொறுப்பெடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் புதிர்தான் என்னைப் பாதி இழுத்துக்கொண்டு போனது.

நேரில் வருகிறேன் என்று அவளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். கோட்டையைத் தாண்டிப் புறக்கோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். கொழும்பிலேயே பிறந்தவள் என்று பெயர்தான். கொட்டாஞ்சேனைப் பக்கம் தேருக்கு ஒன்றிரண்டு தடவை போனதோடு சரி. இறங்கி, அவளுக்குப் போன் எடுத்தேன். பஸ் போன பக்கமே நடந்துகொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி இடத்தைச் சொன்னேன்.

"நான் இறங்கிட்டன். இப்ப கோட்டைப் பக்கமா நடந்துகொண்டு வாறன்."

"கோட்டைப் பக்கமா? அப்படியே நில்லுங்கக்கா. பஸ் போன பக்கமா நடக்கிறீங்களா, வந்த பக்கமா?"

"போன பக்கம்."

"அப்ப கோட்டை உங்களுக்குப் பின்னாடிங்கக்கா. அங்கேருந்துதானே வந்தீங்க."

நடைபாதையில் நின்றுவிட்டேன். பின்னால் திரும்பியும் பார்த்தேன். எனக்குப் பிறந்ததிலிருந்து கோட்டை என்பது முன்னால் இருக்கிற ஒன்று. கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நேரே போனால் கோட்டை. கொட்டாஞ்சேனையிலும் கடலும், ஹாபர் என்கிற துறைமுகமும் அதே இடது பக்கம்தான். ஆனால் கோட்டை முதுகுக்குப் பின்னால். தெஹிவளை அதற்கும் பின்னால். நான் கோட்டை என்று கத்தினாலும் தெஹிவளை என்று கத்தினாலும் அவளுக்கு இரண்டும் ஒரே பக்கம், எங்கள் வரைபடத்தில் கீழ்ப் பக்கம். தெஹிவளை சரியாக வரும், கோட்டை தலைகீழாகிவிடும். இவ்வளவு நாள் குடைந்த புதிர் அவிழ்ந்த சந்தோஷத்தில் நான் தனியாக நின்று சிரித்ததைப் பார்த்து, பழம் விற்றுக்கொண்டிருந்தவர் தராசை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இருக்கீங்களா? இப்ப உங்க கண்ணு முன்னாடி என்னா தெரியுது, அத மட்டும் சொல்லுங்க."

மருந்துக்கடை ஒன்று, பக்கத்தில் மஞ்சள் மதில் என்றேன். மதிலோடு வந்து, நீல கேட்டில் திரும்பச் சொன்னாள். திரும்பியதும், இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டாள். மூன்று கேள்வியில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். கடைசித் திருப்பத்தில், சலூன் உடுப்போடு நடைபாதையில் இறங்கி நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாலில்லாத பிளேன்டீ தந்தாள். அவளுடைய போன் மேசையில் கிடந்தது. திரையின் மேல் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு, கீழே பச்சைப் பொட்டு, இடது பக்கம் நீலம். இது என்ன என்று கேட்டேன்.

"மேல இருக்கிறது உங்க கோட்டைங்கக்கா. மறந்துறக் கூடாதுன்னு வச்சேன். ஆனா நீங்க சொல்றப்போ கை தன்னால எங்க கோட்டைப் பக்கம் போயிருது."

ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்றேன். எல்லோரும் டக்கென்று திரும்புகிறார்கள், நமக்குத்தான் மூளை மட்டு என்று நினைத்தாளாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க "இது தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். இவளிடம் அதை ஒருநாள் கேட்டிருக்கலாம்.

வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. சும்மா பார்த்துப்போக வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். அன்று பின்னேரமே பையன்கள் இருவரிடமும், பிழை அவளுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அதற்குப் பிறகு கோட்டை, தெஹிவளை எல்லாவற்றையும் விட்டோம். மஞ்சள் வீடு, உடைந்த லொறி, தண்ணீர்த் தாங்கி என்று நான்கு பேர் கண்ணுக்கும் தெரிகிறதை மட்டும் சொன்னோம். தகவல் சொல்லும் வேலையையும் அவளிடமே கொடுத்தேன்.

போட்டியில் வென்றோமா என்று கேட்பீர்கள். இரண்டாம் சுற்றில் வெளியே. அவள் போகவேண்டாம் என்று சொல்லச் சொல்ல எட்டிப் பார்த்த நான்தான் முதலில் செத்தேன். மண்டபத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு என்னைய நிப்பாட்டத்தானே வந்தீங்க?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எதுன்னாலும் மெசேஜ்ல சொல்ற ஆளு, நேர்ல வர்றேன்னீங்க. அப்பவே தெரியும்."

அவளுடைய பஸ் வந்தது. சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டாள்.

இன்றும் யாருக்காவது வழி சொல்ல வேண்டி வந்தால், இப்போது உங்கள் கண்ணுக்கு முன்னால் என்ன தெரிகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம், தன்னை நீக்க வருகிறாள் என்று தெரிந்துகொண்டே எனக்கு வழி சொல்லி, நான் தவறிவிடக் கூடாதென்று நடைபாதையில் இறங்கி இரண்டு கையையும் ஆட்டியவள் நினைவுக்கு வருகிறாள். அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் போனையே எடுத்திருக்க மாட்டேன்.