சூடேறாத என்ஜின்

சீமைக்குக் கப்பலேறிப் போன வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய காருக்குக் கொழும்பு வெள்ளவத்தை முருகன் கோயிலில் பூசை செய்தேன். மறுநாளிலிருந்து என்ஜின் சூடேற வெகுநேரம் எடுத்தது. சூடு வரும்வரை தண்ணீரை நிறுத்திவைக்கும் வால்வைக் காசிம் நானாதான் களவெடுத்துவிட்டார் என்று பட்டறையில் கத்தினேன். போன வாரம் காரைத் திருத்திய மெக்கானிக் அவர்.

"களவெண்டால் இண்டைக்கே வேலைய விட்டுப் போகவேணும்" என்றார் பட்டறை முதலாளி நானாவிடம்.

நானா என்ஜினை ஓடவிட்டு மேல்குழாயைத் தொட்டார். "சூடாக முந்தியே தண்ணி ஓடுது. கழட்டிப் பார்ப்போம், ஐயா."

வால்வு உள்ளேயே இருந்தது. மூடமுடியாமல் அதன் வாயில் மஞ்சள் அரிசி சிக்கியிருந்தது. பூசையன்று ரேடியேற்றர் மூடியைத் திறந்து அட்சதை போட்டவன் நான்தான்.

நானா அரிசியைத் துணியில் எடுத்து நீட்டினார். "ஒங்கட சாமிட அரிசி, கீழ போட ஏலா."

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அந்த அரிசியை வாங்கக் கை கூசியது. முருகா, இத்தனை வருஷமாக உன்னைக் கும்பிட்டு நான் என்னத்தைப் படித்தேன்?