சாமி முன்னால் நான்கு பொட்டலங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் விடுதியிலிருந்து போன் செய்வாள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங், மூன்றாம் ஆண்டு. "நல்லாருக்கேம்மா" என்பாள். அந்தச் சொல் எப்படி முடிகிறது என்று ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்பேன். கடைசியில் குரல் இறங்கித் தேய்ந்தால், பேசுவது என் மகள். தேயாமல் கடைசி எழுத்து வரை கணீரென்று நின்றால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது.

அரியலூரில் அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். என் மகளுக்கு இரண்டு குரல்கள் உண்டு என்பது அவள் எட்டாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும். வீட்டில் பேசினால் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவாள். மீதியை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். வெளியாள் ஏதாவது கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பள்ளி ஆண்டு விழா மேடையில் மட்டும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, முகவாயைத் தூக்கி நின்றாளென்றால், கடைசி வரிசையில் கடலை தின்கிறவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்.

நாடகத்தை எழுதுவதும் அவள்தான். பின்னால் தொங்கும் திரையில் கோட்டையும் மரமும் வரைவதும் அவள்தான். என் பழைய புடவைகளை வெட்டி எல்லோருக்கும் உடை தைப்பதும் அவளே. நாடகம் முடிந்து அரிதாரத்தைக் கலைப்பதற்கு முன்பே என்னிடம் ஓடி வருவாள்.

"நல்லாருந்துச்சா? எங்க இடிச்சுது?"

ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லாமே நன்றாயிருந்தது என்றால் கோபம் வந்துவிடும். "போம்மா, நீ பாக்கவே இல்ல."

இவ்வளவையும் சொல்லக் காரணம், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அந்த வருடம். நுழைவுத் தேர்வு எழுதித்தான் இன்ஜினியரிங் சேர வேண்டும் என்றிருந்த கடைசி வருடங்களில் ஒன்று. எழுதினாள், நல்ல இடம் கிடைக்கும் அளவுக்கு மார்க்கும் வந்தது. அதுதான் வினையாகிப்போனது.

என் வீட்டுக்காரரின் சொந்த ஊர் அரியலூர் பக்கம். அங்கே எங்கள் மிளகாய்க் கொல்லை முழுவதும் சுண்ணாம்புக் கல் சுரங்கத்துக்காக ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போய்விட்டது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்றார்கள். இன்ஜினியரிங் படித்த வாரிசு என்றால் ஆபீசர் வேலை. ஆனால் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் மாதிரி ஆலைக்கு ஆகிற படிப்பாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரே பிள்ளை. கொல்லை இருந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். பஸ் அந்த வழியாகப் போகும்போது என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.

"நிலந்தான் போச்சு. வேலையாவது வூட்டுக்கு வரணும்ல?" என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மகள் சொன்னதிலும் தப்பில்லை. ஒரு வாரம் ஓவியக் கல்லூரி என்றாள். அடுத்த வாரம் துணி வடிவமைப்பு என்றாள். அதற்கடுத்து நாடகம் படிக்கவும் இடம் இருக்கிறதாம் என்று எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணச் சொல்லு பாப்பா" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு. நா யோசிக்கிறேன்."

"மூணும்தாம்ப்பா..."

"மூணுக்கும் சேத்து ஒரு காலேஜ் நீயே கட்டிக்க."

அப்போது பெரம்பலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டே அறைகள். ஓர் அறையில் அவர் பேசாமல் இருப்பார். இன்னோர் அறையில் அவள் பேசாமல் இருப்பாள். நடுவில் இருந்த நிலைப்படிதான் எனக்கு. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீயாவது சொல்லேன்."

கடைசியில் அவரே பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். கல்யாணம், வீடு மாற்றுவது, ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்பது வரைக்கும் அவர்கள் குடும்பத்தில் அப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்ததுதான் வாக்கு.

ஊர்க் கோயிலில் பூசாரி நந்தியாவட்டையும் செவ்வரளியும் எடுத்து வைத்தார். "வெள்ளை இன்ஜினியரு. செவப்பு பாப்பா இஷ்டம். சரிதான?"

"சரியில்லீங்க" என்றாள் மகள். "என் இஷ்டம் மூணு. எனக்கு மூணு பூ வேணும்."

பூசாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்னய்யா இது, சாமிகிட்டயே பேரம் பேசுது!"

"போடுங்க, போடுங்க. அவ திருப்திக்கும் ஆவட்டும்" என்றார் இவர்.

செவ்வரளி ஓவியத்துக்கு. மஞ்சள் செவ்வந்தி நாடகத்துக்கு. தையலுக்கு வேறு நிறப் பூ கிடைக்கவில்லை. பூசாரி ஒரு கொத்து வேப்பிலையைக் கிள்ளினார்.

"அது பூ இல்லையே" என்றேன்.

"ஆத்தாளுக்கு அதாம்மா பூ."

மகள் சிரித்துவிட்டாள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த வேப்பிலைக்காகத்தான். அந்த நேரம் பார்த்து சுரங்கத்தில் சங்கு ஊதியது. மத்தியான வெடி. தரை ஒருமுறை அதிர்ந்து, கோயில் மணியின் நாக்கு தானாக ஆடி நின்றது. ஊர்க்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூசாரியின் பேத்தி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த சின்னக் குட்டி, நான்கு பொட்டலங்களில் ஒன்றை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டினாள்.

மஞ்சள்.

என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். "இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாமா?" என்றார் மெதுவாக.

"ஒரு தடவதான்யா கேக்கணும். ரெண்டாவது கேட்டா ஆத்தாள நம்பலன்னு ஆயிடும்" என்றார் பூசாரி.

மகள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, பிரிக்காத மற்ற மூன்று பொட்டலங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் கிணற்றடியில் கால் கழுவும்போது என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாடகம் வந்துச்சு, சரி. மத்த ரெண்டும் போயிருச்சேம்மா. எனக்கு எது வேணும்னு எனக்கே..." மீதியை விழுங்கிவிட்டாள்.

ஒன்றைக் கேட்டவருக்கு அது கிடைக்கவில்லை. மூன்றைக் கேட்டவளுக்கு ஒன்று கிடைத்தும் சந்தோஷம் இல்லை. இன்ஜினியரிங் என்று வந்திருந்தால்கூட அவள் சண்டை போட்டிருப்பாள், அதில் ஒரு தெம்பு இருந்திருக்கும். இப்போது சண்டை போடவும் ஆள் இல்லை.

அவர் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சாமி வாக்கை மீற அவருக்குப் பயம். வேலையை விடவும் மனமில்லை. பிறகு ஒரு காலையில் முகம் தெளிந்து வந்தார். "யோசிச்சேன். ஆத்தா நாடகம்னுதான சொன்னா, நாடகப் படிப்புன்னு சொல்லலியே? இன்ஜினியரிங் காலேஜ்லயும் விழா நடக்கும். அங்க போடட்டும் நாடகம். வாக்கும் பொய்யாவாது."

மகள் தட்டிலிருந்த இட்லியைப் பார்த்தபடி தலையாட்டினாள். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

சென்னையில் கவுன்சலிங். பெரிய கூடத்தில் குடும்பம் குடும்பமாகக் காத்திருந்தார்கள். அப்பாக்கள் திரையில் குறைந்துகொண்டே வரும் இடங்களைப் பார்த்துப் பார்த்துக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்கள். எங்களைக் கூப்பிட்டதும் மூவரும் ஒரு கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க இருங்க சார். படிக்கப்போறது அவங்க. அவங்களே சொல்லட்டும். என்னம்மா எடுக்கிறீங்க?"

என் வீட்டுக்காரரின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. அந்த ஒரு நொடியில், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழி உண்மையாகவே திறந்திருந்தது. மகள் நிமிர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தாள். முகவாய் உயர்ந்தது.

"மெக்கானிக்கல் சார். சின்ன வயசிலேர்ந்தே மெஷின்னா எனக்கு உசுரு. வீட்ல தையல் மிஷின நானே கழட்டி மாட்டுவேன்."

ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று நின்றது. அந்தத் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவதுகூட நான்தான்.

அலுவலர் மகிழ்ந்துபோனார். "இவ்ளோ தெளிவாச் சொல்ற பிள்ளைங்க கம்மிங்க. பொண்ணுங்க மெக்கானிக்கல் பக்கமே வர மாட்டாங்க. சந்தோஷம்மா." என் வீட்டுக்காரர் கண் கலங்கி அவள் தலையைத் தடவினார். மகளுக்கு இதுதான் ஆசை என்று அந்த நிமிடம் அவர் மனதார நம்பினார். இன்றைக்கும் நம்புகிறார்.

நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தேன். "இல்லீங்க சார்..." என்பது வரை வாயில் வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் மகளின் செருப்புக் கால் என் பாதத்தின் மேல் வந்து அழுந்தியது. அவள் முகம் திரும்பவில்லை, அதே சிரிப்பு. மேடையில் வேறு யாராவது வசனத்தை மறந்து உளறப் போனால் அவள் இப்படித்தான் காலை மிதிப்பாள் என்று அவள் தோழிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அலுவலர் ஒரு பொத்தானை அழுத்தினார். முடிந்தது.

திரும்பும்போது பஸ் டீக்கு நின்றது. அவர் இறங்கி, டிரைவரிடம் "பொண்ணுக்கு மெக்கானிக்கல் கெடச்சிருக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. வெளியே நல்ல வெயில். மகள் என் தோளில் சாய்ந்தாள். அவளுடைய வீட்டுக் குரல் திரும்பி வந்திருந்தது.

"அம்மா..."

"சொல்லுடி."

"நல்லாருந்துச்சா?"

அவள் காத்திருந்தாள். பிறகு வழக்கமான அடுத்த கேள்வி. "எங்க இடிச்சுது?"

அவள் பேசியதை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நிமிர்ந்தது, கையை மடித்தது, மிஷின் என்றது, சிரித்தது. ஓர் இடம், ஒரே ஓர் இடம் கிடைத்தால் போதும், சொல்லிவிடலாம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.