பீலிக்கு மேலே மறித்த ஓடை

நான் பொய் எழுதினேன். ஒரே ஒரு வரி. அந்த வரியால் ஒரு பெண்ணின் நடை போயிற்று... இத்தனை காலம் வாய் திறக்காதவன், இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. இலங்கை மலையகத்தில், இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் எனும் வரிசை அறைகளில் வாழ்ந்த குடும்பங்கள் சிலவற்றுக்குத் தனி வீடுகள் கட்டினார்கள். அந்தப் புதுக் குடியிருப்புக்கு மின்சாரத் திட்டம் வரைய வந்த யாழ்ப்பாணத்துப் பொறியியலாளன் நான். புகையில்லை, எண்ணெயில்லை. ஓடையை மேலே மறித்துக் குழாயில் இறக்கினால் கீழே சிறு இயந்திரம் சுழலும்; தண்ணீர் மறுபடி ஓடையிலேயே சேரும். எவ்வளவு அழகான திட்டம்!

ஆனால் மறிக்கும் இடத்துக்கும் திரும்பச் சேரும் இடத்துக்கும் நடுவே பழைய லயத்தின் பீலி, ஓடைத் தண்ணீர் வந்து விழும் குழாய், இருந்தது. வீடு கிடைக்காத குடும்பங்கள் குடித்ததும் குளித்ததும் அந்தப் பீலித் தண்ணீரில்தான்.

கொழுந்துக் கூடையோடு நின்ற செல்வமணி என்பவள் ஒருநாள் கேட்டாள்: "ஐயா, மேல தண்ணிய திருப்பிட்டீங்கன்னா எங்க பீலி காஞ்சிராதுங்களா?"

"ஒண்டும் நடக்காது தங்கச்சி, பயப்பிடாதேங்கோ" என்றேன்.

நடக்கும் என்று எனக்குத் தெரியும்! மறிப்பைப் பீலிக்குக் கீழே இறக்கியிருக்கலாம். இறக்கினால் தண்ணீர் விழும் உயரம் குறையும்; பாதி வீடுகளுக்குத்தான் வெளிச்சம். திட்டத்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள். என் முதல் திட்டம்... ஆகவே, இடைப்பட்ட ஓடையை எவரும் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கையில் எழுதினேன். மேலிடத்திலிருந்து ஒருவரும் ஏறிவந்து பார்க்கவில்லை.

புது வீடுகளில் விளக்கு எரிந்தது. எனக்கு மாலை போட்டார்கள். அந்த வெளிச்சம் பொய்யா? இல்லையே! பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். இதையே சொல்லிச் சொல்லி என்னை நான் ஏமாற்றிக்கொண்டேன்.

மாசி வறட்சியில் பீலி நின்றது. லயத்துப் பெண்கள் குடத்தோடு பள்ளத்து ஆற்றுக்கு இறங்கினார்கள். பாசி படிந்த பாறையில் செல்வமணி வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பு முறிந்தது. மலையேறிக் கொழுந்து பறித்தவள் அதன்பின் எழுந்து நிற்கவேயில்லை.

அவள் கணவர் முருகேசு என்னைத் தேடி வந்தார். அகப்பட்டுக்கொண்டேன் என்றே நினைத்தேன். அவரோ ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"நட்டஈடு கேட்டு அரசாங்க ஆபீசுக்குச் சிங்களத்துல எழுதணுமாங்க. எனக்கு அது படிக்கத் தெரியாது. மேல மறிச்சதாலதான் பீலி நின்னுச்சுன்னு எழுதிக் குடுங்க ஐயா."

எழுதினேன். மழை பொய்த்ததால் ஓடை வற்றியது என்று எழுதினேன்! வாசித்துக் காட்டச் சொன்னார். தாளைப் பார்த்தபடியே, அவர் சொன்னதைத் தமிழில் அப்படியே சொன்னேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை... எப்படி முடிந்தது என்னால்?

தலையாட்டிக் கேட்டார். அடியில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

"நீங்க நல்லா இருக்கணுங்க ஐயா" என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறேன்... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.